சிஜிலா, லெகசி ஆஃப் ரஸ்டா: டூமுக்கு எந்தக் கூடுதல் கேம்பெயின்?

டூம் ஒரு பழைய துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம். சிஜில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரோமெரோ 2019 மே மாதம் அதற்காக இலவசமாக வெளியிட்ட எபிசோடு, அதாவது லெவல்களின் தொகுப்பு. மொத்தம் ஒன்பது லெவல். லெகசி ஆஃப் ரஸ்ட் 2024 ஆகஸ்டில், டூமையும் டூம் 2-ஐயும் ஒன்றாகச் சேர்த்த புதிய பதிப்போடு வந்தது. ஐடி சாஃப்ட்வேர், நைட்டைவ், மெஷின்கேம்ஸ் மூன்றும் சேர்ந்து செய்த வேலை. இரண்டு எபிசோடு, ரகசிய லெவல்களோடு 16. சிஜில் டூம் முதல் பாகத்தின் மேல் ஓடுகிறது, லெகசி ஆஃப் ரஸ்ட் டூம் 2-இன் மேல். கேட்க அற்ப விஷயமாக இருக்கலாம். ஆனால் டூம் 2-இல் வந்த இரட்டைக்குழல் துப்பாக்கியான சூப்பர் ஷாட்கன் கையில் இருக்குமா இருக்காதா என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேரன் ஆஃப் ஹெல் என்ற பெரிய மான்ஸ்டருக்கு 1000 ஹெல்த். சாதா ஷாட்கன் ஒரு சூட்டில் 7 பெல்லட், அதாவது சிறு குண்டுகள், விடும். ஒவ்வொன்றும் 5, 10 அல்லது 15 சேதம், ஒரு சூட்டுக்குச் சராசரி 70. எல்லாம் பட்டாலும் 15 தோட்டா வேண்டும். சூப்பர் ஷாட்கன் 20 பெல்லட், சராசரி 200. ஐந்து சூட்டில் ஆள் காலி, தோட்டாவும் பத்துதான், நேரமும் ஏறக்குறைய பாதி. சிஜிலில் இந்தத் துப்பாக்கி கிடையாது. அதனால் பேரன் வந்தால் நின்று சுடுவதைவிட, வேறு மான்ஸ்டரோடு கோத்துவிட்டு ஒதுங்குவதே லாபம். கோபத்தில் எல்லா ராக்கெட்டையும் கொட்டிவிட்டு அடுத்த அறைக்குள் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

சிஜிலின் உண்மையான எதிரி இடம்தான். குறுகலான திட்டுகள், கீழே லாவா, சுற்றிலும் இருட்டு. சுற்றிச் சுற்றி ஓடிச் சுடும் பழக்கம் இங்கே செல்லாது. இதில் பலர் குழம்பும் ஒரு இடம் உண்டு. பழைய டூம் இன்ஜினில் எல்லா உருவங்களுக்கும் உயரம் முடிவில்லாதது. திட்டுக்குக் கீழே மிதக்கும் காகோடீமன் என்ற மான்ஸ்டர்கூட உங்கள் வழியை மறிக்கும்; கண்ணுக்குத் தெரியாத சுவரில் மோதியது போல நின்றுவிடுவீர்கள். எனவே திட்டில் கால் வைப்பதற்கு முன்பே பறப்பவற்றைத் தீர்த்துவிடுங்கள். டூமை இன்றைய கணினிகளில் ஓட்டும் போர்ட் எனப்படும் மென்பொருள்களில் ஒன்றான ஜிஸெட்டூமில் இந்தத் தொல்லை இல்லை, பழைய நடத்தையை நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே வரும்.

அடுத்து சிஜிலின் கண்கள். சுவரில் விழித்துக்கொண்டிருக்கும் கண்ணைச் சுட்டால் வழி திறக்கும். இதற்கு பிஸ்டல், ஷாட்கன், செயின்கன் மூன்றும் சரி. ராக்கெட்டும் பிளாஸ்மாவும் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் சுட்டுத் திறக்கும் கோடுகளைப் பறந்து போகும் குண்டுகள் இயக்குவதில்லை. ராக்கெட் விட்டுப் பார்த்து, ஒன்றும் நடக்காமல் லெவல் முழுக்க அலைந்தால் வீண். புல்லட்டில் பத்தாவது மிச்சம் வையுங்கள்.

லெகசி ஆஃப் ரஸ்ட் அடிப்பது வேறு பக்கம். பிளாஸ்மா ரைஃபிளின் இடத்தில் நெருப்பு கக்கும் இன்சினரேட்டர், டூமின் மிகப் பலமான துப்பாக்கியான பிஎஃப்ஜி-யின் இடத்தில் கலாமிட்டி பிளேடு. இரண்டும் ஒரே எரிபொருளைத்தான் குடிக்கும். இன்சினரேட்டரை இம்ப் என்ற சாதாரண மான்ஸ்டர்களின் கூட்டத்தின் மேல் தாராளமாக ஊற்றிவிட்டால், கடைசி அரங்கில் பிளேடு வெறும் பொம்மை. பிளேடின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சக்தி ஏறும், விட்டால் நெருப்பு அலை பாயும். எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்களோ அவ்வளவு அகலம். பிஎஃப்ஜி-யில் அழுத்தியபின் தாமதம் எப்போதும் ஒரே அளவு. இங்கே அந்தத் தாமதத்தை அளப்பது நீங்கள். இதை உண்மையிலேயே நல்ல வடிவமைப்பு என்பேன். பழகிய விரல்களை மறுபடி யோசிக்க வைக்கிறது.

புதிய மான்ஸ்டர்களில் முதலில் குறி வைக்க வேண்டியது பான்ஷீ. பறந்து வந்து பக்கத்தில் வெடிக்கும், ஆகவே தூரத்திலேயே செயின்கன்னைச் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டிச் சாய்க்க வேண்டும். மைண்ட்வீவர் பார்க்க டூம் 2-இன் சிலந்தி மான்ஸ்டரான அராக்னோட்ரான் மாதிரி, ஆனால் பிளாஸ்மா அல்ல, புல்லட். பக்கவாட்டில் ஓடித் தப்ப முடியாது. தூணுக்குப் பின்னால் மறைவதுதான் வழி. நடுவில் மற்ற மான்ஸ்டர்கள் இருந்தால் அதன் புல்லட் அவற்றின் மேல் பட்டு உள்சண்டை மூளும், விட்டு வேடிக்கை பாருங்கள். டைரன்ட், ராக்கெட் விடும் ராட்சத மான்ஸ்டரான சைபர்டீமனின் தம்பி மாதிரி: ராக்கெட் அதேதான், ஹெல்த் குறைவு. பயந்து ஓடாமல் சூப்பர் ஷாட்கன்னோடு நெருங்கலாம்.

நிறுவுவதில் சிஜில் எளிது. டூமின் லெவல்கள் அடங்கிய முழு வாட் கோப்பு வேண்டும். முதல் எபிசோடு மட்டும் உள்ள இலவச ஷேர்வேர் பதிப்பு போதாது. டூம் 2 கோப்போடு ஏற்றினால் எபிசோடே தெரியாது, லெவல் பெயரிடும் முறை வேறு என்பதால். ஐந்தாம் எபிசோடைக் காட்டாத போர்ட் என்றால் மூன்றாம் எபிசோடின் இடத்தில் உட்காரும் இணக்கப் பதிப்பை எடுங்கள். லெகசி ஆஃப் ரஸ்ட் ஐடி24 என்ற புதிய தரத்தில் எழுதப்பட்டது. அதை அறியாத பழைய போர்ட்டில் புதிய ஆயுதங்களும் மான்ஸ்டர்களும் ஒழுங்காக நடக்காது. போர்ட் வைத்துக் குடைய விருப்பமில்லாதவர்களுக்கு 2024 பதிப்பே போதும், சிஜிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் லெகசி ஆஃப் ரஸ்டை எடுங்கள். அதிலும் முதல் எபிசோடான தி வல்கன் அபிஸ். சிஜிலைத் தொடங்குவதானால் ஒளி அமைப்பை பழைய டூமின் சாஃப்ட்வேர் பாணிக்கு மாற்றுங்கள். இருட்டு எப்படித் தெரிய வேண்டும் என்று வரையப்பட்டதோ அப்படித் தெரிந்தால்தான் லாவாப் பிளவின் சிவப்பு உங்களுக்கு வழி காட்டும். திரையின் பிரகாசத்தைக் கூட்டினால் அந்தச் சிவப்பும் வெளுத்துப் போகும்.