ஏற்காடு எஸ்டேட்டில் சி.சி.ஆர். போட்ட எல்இடி விளக்குகள்: நாலைந்து வருட அனுபவம்

சேலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் செய்கிறேன். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் சோலார் விளக்குகளை நாலைந்து வருடமாகப் பராமரித்து வருகிறேன். அங்கே ரெசிஸ்டரை எடுத்துவிட்டு சி.சி.ஆர்., அதாவது வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் கரண்டை ஏறக்குறைய ஒரே அளவில் வைக்கும் கான்ஸ்டன்ட் கரண்ட் ரெகுலேட்டர் போட்டதில் இவ்வளவு வித்தியாசம் தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

குடோனுக்குள் நல்ல வெயில் நேரத்திலும் இருட்டுதான். மேலே பேனல் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கீழே விளக்கு எரியும். பேருக்குத்தான் 12 வோல்ட் பேட்டரி, விடியற்காலையில் 11.5 காட்டும், உச்சி வெயிலில் 14.4 வரை ஏறும். மூன்று வெள்ளை எல்இடி வரிசையாகப் போட்டால் சுமார் 9.3 வோல்ட் வேண்டும். மீதியை 120 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால், 12 வோல்ட்டில் 22 மில்லி ஆம்பியர் ஓடும், 14.4-ல் கணக்குப்படி 42. போதாததற்கு, எல்இடி சூடாக ஆக அதன் வோல்டேஜ் குறையும், கரண்ட் இன்னும் ஏறும். பழைய விளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் மஞ்சள் பூச்சின் நடுவே கறுப்புப் புள்ளி. சிலது சூடானதும் அணைந்து, ஆறியதும் எரிந்து, கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி விட்டுப்போனதன் அறிகுறி அது.

நான் போட்டது என்எஸ்ஐ45020 என்ற சி.சி.ஆர். இரண்டு கால்கள்தான், டயோடு மாதிரி இருக்கும், 20 மில்லி ஆம்பியர். எல்இடியோடு வரிசையில் வைத்துச் சால்டர் செய்தால் வேலை முடிந்தது. 40 வேண்டுமென்றால் இரண்டைப் பக்கம் பக்கமாக (பேரலலாக) இணைக்கலாம். தான் சூடானால் கரண்டைக் குறைத்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் காலையிலும் மதியத்திலும் ஏறக்குறைய ஒரே கரண்ட். இதுவரை இந்த விளக்குகளில் ஒரு எல்இடிகூட மாற்றவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பேட்டரி 11.5-க்கும் கீழே போனால் வெளிச்சம் மங்கும், ஏனென்றால் ரெகுலேட்டருக்கும் கொஞ்சம் வோல்டேஜ் மிச்சம் வேண்டும். பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்தாலும் தப்பிக்க டயோடு போடுபவர்கள் ஷாட்கி டயோடே போடுங்கள்; சாதா டயோடு 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும். இந்த ரெகுலேட்டர் 45 வோல்ட் வரைதான் தாங்கும். கோடை மழையில் சேர்வராயனில் விழும் இடியை நினைத்து, நீளமான வயர் போகும் இடத்திலெல்லாம், வோல்டேஜ் திடீரென எகிறினால் தடுக்கும் டிவிஎஸ் டயோடும் சேர்த்திருக்கிறேன்.

பெரிய எல்இடிகளுக்கு எல்எம்317 என்ற ரெகுலேட்டர் ஐசியில் 3.6 ஓம் ரெசிஸ்டர் போட்டு 350 மில்லி ஆம்பியர் எடுக்கலாமே என்று கேட்பார்கள். அதற்கு மட்டுமே சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்று எல்இடிக்கு 12 வோல்ட் பேட்டரியில் கட்டாது. மதியத்தில் 1.8 வாட் வெறும் சூடாகப் போகும். காப்பி காயவைக்கும் களத்துப் பெரிய விளக்குக்கு நான், அவ்வளவு சூடாக வீணாக்காமல் வோல்டேஜை இறக்கித் தரும் பக் டிரைவர்தான் போட்டிருக்கிறேன்.