கோபாலிமர் கலவையை அறிய ஜிபிசியா, கிரேடியன்ட் ஹெச்பிஎல்சியா?

கோபாலிமர் என்பது ஒன்றுக்கு மேற்பட்ட வகை மோனோமர்கள் (சிறு மூலக்கூறுகள்) கோத்த சங்கிலி; அதில் எது எவ்வளவு என்பதே இங்கே கலவை. ஜிபிசி சங்கிலிகளைப் பருமன்படி பிரிக்கும் குரோமடோகிராபி; கிரேடியன்ட் ஹெச்பிஎல்சி கரைப்பான் விகிதத்தை மாற்றிக்கொண்டே பிரிக்கும் குரோமடோகிராபி. காரைக்குடியில் பாலிமர் ஆய்வு செய்யும் மாணவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவே தயங்குகிறார்கள். ஸ்டைரீன்-எம்எம்ஏ (மெத்தில் மெதாக்ரிலேட்) கோபாலிமரை வைத்தே பார்ப்போம்.

பிரிப்பு: ஜிபிசியில் பருமனான சங்கிலி முதலில் வரும்.
கிரேடியன்ட்டில் குழாயில் நிரப்பிய சிலிக்காவோடு ஒட்டுவதுதான் கணக்கு; எம்எம்ஏ கூடினால் தாமதமாக வரும்.

கலவை: இங்கேதான் கவனம் வேண்டும். பருமன் ஒன்றாக, ஸ்டைரீன் அளவு வேறாக உள்ள சங்கிலிகள் ஜிபிசியில் சேர்ந்தே வெளியேறும். ஸ்டைரீனைக் காட்டும் 254 நானோமீட்டர் யுவி (புற ஊதா) உணர்கருவியையும் ஆர்ஐ (ஒளிவிலகல் எண்) உணர்கருவியையும் இணைத்தாலும், சேர்ந்து வெளியேறும் சங்கிலிகளின் சராசரிக் கலவைதான் கிடைக்கும். சங்கிலிக்குச் சங்கிலி கலவை எப்படி வேறுபடுகிறது என்ற பரவலைக் காட்டுவது கிரேடியன்ட்.

வசதி: ஜிபிசிக்கு டிஹெச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) என்ற கரைப்பான் ஒன்றே போதும்.
கிரேடியன்ட்டில் கரைப்பான் விகிதம் மாறுவதால் ஆர்ஐ உதவாது. அப்புறம், செட்டிநாட்டு வெயிலில் வெப்பக் கட்டுப்பாடு இல்லாமல் ஓட்டாதீர்கள். ஒட்டும் அளவே மாறிவிடும்.

மூலக்கூறு எடை போதுமென்றால் ஜிபிசி. மோனோமரில் பெரும்பகுதி தீரும்வரை வினை போன பேட்ச்சில், சங்கிலிகளின் கலவை போகப்போக நகர்ந்ததா என்ற சந்தேகத்துக்குக் கிரேடியன்ட்தான்.