ஃப்ளூயிடைஸ்டு பெட் வேலைக்கு எம்ஃபிக்ஸ்: ஒரு பயனரின் மதிப்பீடு

கீழிருந்து காற்றை ஊதி, மணல் போன்ற துகள்களைத் திரவம் போலக் கொதிக்கவிடும் படுகைதான் ஃப்ளூயிடைஸ்டு பெட். அதைக் கணினியில் சிமுலேஷன் செய்ய எந்த மென்பொருள் என்று யார் கேட்டாலும் எம்ஃபிக்ஸைத்தான் முதலில் சொல்வேன். அமெரிக்க எரிசக்தித் துறையின் கீழ் இயங்கும் தேசிய எரிசக்தித் தொழில்நுட்ப ஆய்வகத்தின் படைப்பு. பதிவு செய்துகொண்டால் இலவசம், மூல நிரலும் கிடைக்கும். காசு மிச்சமாகிறதே என்பதற்காகச் சொல்லவில்லை. துகள்களை எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிடுவது என்ற முடிவை அது நம் கையில் விட்டுவிடுகிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

0.2 மி.மீ. விட்டமுள்ள மணலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவில் ஏறக்குறைய 9 கோடி மணிகள். ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகக் கணக்கிடும் டிஇஎம் முறையில் ஒவ்வொரு மோதலையும் பின்தொடரலாம், ஆனால் ஒரு மோதலுக்கு ஆகும் நேரத்தை 50 கூறாக்கி, அந்தக் காலப்படியில்தான் கணக்கு நகரும். மோதும் மணிகளுக்கிடையே ஒரு ஸ்பிரிங் இருப்பதாக இந்த முறை பாவிக்கும். அந்த ஸ்பிரிங் மாறிலி, அதாவது விறைப்பு, மீட்டருக்கு 1000 நியூட்டன் என்றால் இந்த மணலுக்குக் காலப்படி சுமார் 0.15 மைக்ரோவினாடி. ஒரு வினாடி ஓட்டத்துக்கு எத்தனை படி என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கை நூறு மடங்கு மென்மையாக்கினால் படி பத்து மடங்கு பெரிதாகும். ஒட்டும் தன்மையில்லாத துகள்களுக்கு இதனால் படுகையின் போக்கு பெரிதாகக் கெடுவதில்லை.

அதுவும் போதாதென்றால் பல மணிகளை ஒரே பெரிய உருண்டையாகச் சேர்க்கும் சிஜிபி இருக்கிறது. எடை 27 என்று கொடுத்தால், 27 மணிகளுக்குப் பதில் மூன்று மடங்கு விட்டமுள்ள ஒரே உருண்டை. மோதல்களையே விட்டுவிட பிஐசி, துகள் கூட்டத்தையே இன்னொரு பாய்மமாகப் பாவிக்க டிஎஃப்எம். எல்லாம் ஒரே இடைமுகத்துக்குள். காற்று துகளை இழுக்கும் விசையைக் கணக்கிடும் இழுவிசை மாதிரிகளும் அப்படித்தான்: வென்-யூ, கிடாஸ்போ, சையம்லால்-ஓபிரையன் என்று பட்டியலிலிருந்து எடுத்துப் போடலாம். எதைப் போட்டாலும் சரி, படுகை நன்றாகக் கொதிக்கத் தொடங்கியபின் சராசரி அழுத்த இறக்கம் மணலின் எடையைப் பரப்பால் வகுத்ததற்கு அருகில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் ஏதோ இடிக்கிறது. அழகான படங்களை நம்ப வேண்டாம்.

இனி இணைக்கணிப்பு, அதாவது ஒரே கணக்கை பிராசசரின் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. கோர் எண்ணிக்கையைக் கூட்டினால் வேகம் வரும் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். உயரமான ஒரு குழாயை உயரவாக்கில் பல துண்டுகளாக்கிக் கோர்களுக்குக் கொடுத்தால், மணல் கிடக்கும் அடித்துண்டுகளின் கோர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மேல் துண்டுகளில் இருப்பவை வெறும் காற்றுக்குக் கணக்குப் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்கும். குறுக்குவெட்டில் பிரித்துக் கொடுங்கள். அதே கோர்கள், அதே மணல், ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

குறைகளும் உண்டு. இடத்தைப் பிரிக்கும் கட்டமெல்லாம் கார்ட்டீசியன்தான், அதாவது நேர்கோட்டுச் செவ்வகச் செல்கள். வளைந்த சுவரை எஸ்டிஎல் என்ற முப்பரிமாண வடிவக் கோப்பாகக் கொடுத்தால் அதற்கேற்பச் செல்களை வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டில் பிறக்கும் பொடிச் செல்கள்தான் தலைவலி, கணக்கு ஒரு விடையில் குவியாமல் அங்கேதான் மக்கர் செய்யும். அதற்கான வரம்பு எண்களோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும். தண்ணீருக்குள் காற்றுக் குமிழி, தெளிவான திரவ எல்லை என்று வேலை இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம், ஓப்பன்ஃபோம் என்ற இன்னொரு பாய்ம மென்பொருள் பக்கம் போய்விடுங்கள்.

ஜிபியூ கிளஸ்டர் கையிலிருந்தால் எம்ஃபிக்ஸ்-எக்ஸா என்று தனியாக ஒன்று உண்டு. பழைய ஃபோர்ட்ரான் நிரலைத் தட்டி ஒட்டியதல்ல, ஏஎம்ரெக்ஸ் நூலகத்தின் மேல் சி++ மொழியில் எழுதியது. ஃபிரான்டியர் போன்ற எக்ஸாஸ்கேல் எனும் அதிவேக மீக்கணினிகளை மனதில் வைத்து உருவானது. அதில் டிஎஃப்எம் தேட வேண்டாம், துகள் முறைகள்தான். ஒற்றை வொர்க்ஸ்டேஷனோடு இருப்பவர்கள் பழைய எம்ஃபிக்ஸிலேயே சிஜிபி-யில் தொடங்குங்கள். எடையை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து, விடை எந்த இடத்தில் மாறாமல் நிற்கிறதோ அந்த எடையை வைத்துக்கொண்டு மீதி ரன்களை ஓட்டுங்கள்.