மாதிரி விமானத்துக்கு மோட்டாரா, எஞ்சினா?

கொழும்பில் தொடர்மாடியில் குடியிருந்துகொண்டு ரிமோட் விமானம் பறக்கவிட ஆசைப்படுகிறவருக்கு மின்மோட்டார்தான் சரி. அதற்காக எல்லாவற்றிலும் மோட்டார் முந்தி நிற்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

சக்தியில் மோட்டார் எட்ட முடியாத தூரத்தில் எஞ்சின் இருக்கிறது. எஞ்சினுக்கு ஊற்றும் மெதனோல் ஒரு கிலோவில் 5 கிலோவாட் மணிக்கு மேல் சக்தி உண்டு. அதே எடையுள்ள லித்தியம் பொலிமர் பற்றரியில் 0.2 இருந்தாலே பெரிய விஷயம். எரிபொருளின் சக்தியில் பெரும்பங்கை வெப்பமாக வீணாக்கிய பிறகும், மெதனோலில் ஓடும் 6.5 சிசி ‘குளோ’ வகை எஞ்சின் 300 மில்லிலீற்றரில் பத்துப் பதினைந்து நிமிடம் பறக்கும். தீர்ந்தால் ஊற்றிக்கொண்டு மறுபடி கிளம்பலாம். பற்றரி காலியானாலும் எடை குறையாது. திரும்பச் சார்ஜ் ஏற வழக்கமாக ஒரு மணி நேரம் பிடிக்கும்.

ஆனால் குளோ எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், பல கலவைகளில் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்திருக்கும். அது எரியாமல் புகையோடு வெளியே வந்து இறக்கை முழுக்க அப்பிக்கொள்ளும். துடைக்காமல் காரில் ஏற்றினால் சீட்டின் கதி அவ்வளவுதான். மெதனோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கொழும்புக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? போத்தல் மூடியை இறுக்காவிட்டால் எரிபொருள் கெடும். மிச்சத்தை எரித்துத் தீர்க்காமல் எஞ்சினை மூட்டை கட்டினால் பெயாரிங் துருப்பிடிக்கும். சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா, அது வேறு கதை.

இத்தனைக்கும் பிறகு ஏன் எஞ்சினை விடமாட்டேன் என்கிறார்கள்? எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வை ஒரு கிளிக் இறுக்கினால் இரைச்சல் மெலிந்து கூர்மையாகும். இன்னும் ஒன்று இறுக்கினால் மூச்சுத் திணறும். காதாலேயே அந்த இடத்தைப் பிடிப்பதில் ஒரு போதை இருக்கிறது. மோட்டார் அதைத் தராது.

பெற்றோல் எஞ்சின் பெரும்பாலும் பெரிய மாதிரி விமானங்களுக்குத்தான். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வரிசையில் நின்றவர்களுக்கு அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மோட்டார்காரர்களும் அந்த வருடம் மின்வெட்டில் மாட்டிக்கொண்டார்கள்தான்.

மோட்டார் எடுப்பதென்றால் பற்றரியை முழுச் சார்ஜோடு நாள்கணக்கில் வைக்காதீர்கள், செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். ஊதிப் பருத்ததைத் திரும்பச் சார்ஜ் போடவே கூடாது. அப்புறம், எஞ்சின் உறுமி எச்சரிக்கும், மோட்டார் எச்சரிக்காது. பற்றரியை இணைத்தபின் ரிமோட்டில் வேகத்தைக் கூட்டும் த்ரொட்டில் குச்சியில் சட்டைக் கை பட்டாலே விசிறி சுழன்றுவிடும். வீட்டுக்குள் சோதிப்பதென்றால் விசிறியைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதியுங்கள்.