லெகோ டெக்னிக் 42099: ஹப் ரிடக்‌ஷனோடு வந்த பொம்மை வண்டி

எங்கள் பட்டறையில் டிப்பர் லாரிகளின் ஹவுசிங், அதாவது ஆக்ஸிலும் கியரும் உட்காரும் கூட்டின் வேலைதான் அதிகம். குவாரியிலிருந்து லோடோடு மேடேறும் வண்டிகளில் க்ரவுன் பினியன் என்ற கியர் ஜோடி ஒருமுறை சுற்றைக் குறைக்கும். அப்புறம் சக்கரத்துக்குள்ளேயே இன்னொரு கியர் செட் உட்கார்ந்துகொண்டு மறுபடி குறைக்கும். ஹப் ரிடக்‌ஷன் என்போம். அதே ஏற்பாடு லெகோ டெக்னிக் 42099 என்ற, நாலு சக்கரமும் இழுக்கும் பிளாஸ்டிக் பொம்மை வண்டிக்குள் இருக்கிறது என்று தெரிந்ததும் வாங்காமல் இருக்க முடியவில்லை. 2019இல் வந்த மாடல், 958 துண்டுகள். இப்போது தயாரிப்பு நின்றுவிட்டது. எனக்குக் கிடைத்தது ஒருவர் கட்டிப் பார்த்துவிட்டுப் பிரித்து வைத்திருந்த செட்.

ஓட்டுவதற்கு இரண்டு எக்ஸ்எல் மோட்டார், ஸ்டியரிங்குக்கு ஒரு எல் மோட்டார், பென்சில் பேட்டரி ஆறு போடும் பெட்டி, செல்போனில் கன்ட்ரோல் பிளஸ் செயலி. கட்டுவதில் சொல்லும்படி சிரமம் ஒன்றும் இல்லை, படத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

விஷயம் அந்தச் சக்கர ஹப்பில்தான் இருக்கிறது. கைக்குள் அடங்கும் ஒரு உருளை. உள்ளே நடுவில் ஒரு சின்ன கியர், அதைச் சுற்றி ஓடும் குட்டி கியர்கள், வெளியே அசையாத பல் வளையம். பிளானட்டரி செட் என்பது இதைத்தான். ஆக்ஸில் 5.4 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். சுற்றைக் குறைக்க மோட்டார் பக்கத்திலேயே ஒரு சின்ன கியரையும் பெரிய கியரையும் கோத்தால் போதாதா? போதாது. சுற்று எங்கே குறைகிறதோ அந்த இடத்திலிருந்து முறுக்குவிசை ஏறிவிடும். மோட்டாரை ஒட்டியே குறைத்தால் அந்த ஏறிய விசை அத்தனையும் வளைந்தபடியே சுற்றைக் கடத்தும் கிராஸ் ஜாயின்ட், இரண்டு பக்கமும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், ஆக்ஸில் என்று வழி நெடுக இருக்கும் எல்லாவற்றின் மேலும் விழும். எல்லாமே பிளாஸ்டிக். வண்டி ஒரு கல்லில் முட்டி நின்றால் போதும், 12 பல் பெவல் கியர் (சாய்வுப் பல் கியர்) பக்கத்துக் கியரை விட்டு எகிறி டக் டக்கென்று சத்தம் போடும். ஆக்ஸில் நீளமாக இருந்தால் முறுக்கு பிழிந்த மாதிரி திருகிக்கொள்ளும். திருகிய ஆக்ஸிலை உருவி எடுப்பது தனிக் கஷ்டம்.

அதையே வழியின் கடைசியில், சக்கரத்துக்குள் வைத்துக் குறைத்தால் கதையே வேறு. ஹப் வரைக்கும் எல்லாம் வேகமாகவும் லேசாகவும் சுற்றும். ஜாயின்ட் மேல் விழும் விசை, மோட்டாரை ஒட்டிக் குறைத்திருந்தால் விழுந்திருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மேடேறும்போது முன் ஜாயின்ட் வளைந்த நிலையில் விசையைக் கடத்த வேண்டியிருக்கும். அங்கேதான் இதன் அருமை தெரியும்.

லெகோவில் சக்கரத்தருகே குறைப்பது இதற்கு முன்பும் உண்டு. 2011இல் வந்த யூனிமாக் (மெர்சிடிஸ் லாரியின் மாடல்), 8110, ஆக்ஸிலைச் சக்கரத்தின் நடுவைவிட மேலே தூக்கி வைக்கும் போர்ட்டல் ஹப்போடு வந்தது. நிஜ யூனிமாக்கிலும் போர்ட்டல் ஆக்ஸில்தான். அடுத்த வருடம் வந்த 9398 கிராலரிலும் அதே ஹப். அதில் 8 பல், 24 பல் கியர்களைக் கோத்து மூன்று மடங்கு குறைப்பார்கள். ஆக்ஸில் சக்கரத்தின் நடுவைவிட 16 மில்லிமீட்டர் மேலே போய்விடும், வயிறு தட்டாது. பிளானட்டரியில் ஆக்ஸிலும் சக்கரமும் ஒரே கோட்டில் இருப்பதால் அந்த உயரம் கிடைக்காது. கல் நிறைந்த தரையில் ஓட்டப்போகிறவர் போர்ட்டலைத்தான் எடுக்க வேண்டும். எனக்குச் சறுக்கலான சரிவும் பாரமும்தான் முக்கியம், அதனால் பிளானட்டரி.

அக்கா மகன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது நடக்கிற வேகம்கூட இல்லையே" என்றான். உண்மைதான். அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஓட்டுவதற்கு எக்ஸ்எல்லுக்குப் பதிலாக லெகோவின் பழைய பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையின் எல் மோட்டாரை மாட்டினால்கூட, அது 9 வோல்ட்டில், சுமை இல்லாமல், நிமிடத்துக்குச் சுமார் 390 சுற்று சுற்றும். 5.4ஆல் வகுத்தால் 72. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் என்றால் நிமிடத்துக்கு 22 மீட்டர் சொச்சம், மணிக்கு 1.4 கிலோமீட்டர்கூட வராது. எக்ஸ்எல் இன்னும் மெதுவானது, ஆனால் இழுவை அதற்குத்தான் அதிகம். "சரி, ரேஸ் வண்டி இல்லைன்னு சொல்லுங்க" என்று போய்விட்டான்.

எனக்குப் பிடித்த இன்னொன்று, முன் ஆக்ஸிலுக்கு ஒரு மோட்டார், பின் ஆக்ஸிலுக்கு ஒரு மோட்டார் என்று பிரித்தது. இரண்டையும் இணைக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிடையாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போகும். ஒரே மோட்டாரிலிருந்து நேராக இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் ஷாஃப்ட் இறுகும். அதைத் தவிர்க்க நடுவில் டிஃபரன்ஷியல் வைத்தால், பின் பக்கம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டதும் சுற்றெல்லாம் அங்கே போய் வண்டி நின்றுவிடும். தனித்தனி மோட்டாரில் இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் பின் சக்கரம் தூக்கியிருக்கும்போது முன் மோட்டார் ஒன்றுதான் மொத்த வண்டியையும் இழுக்க வேண்டும்.

குறை என்றால், முதலில் செல்போன். கண்ணாடித் திரையில் விரல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே சரிவில் வண்டியை நிறுத்துவது சரிப்படாது, கையில் பிடிக்கும் ரிமோட் ஒன்று கொடுத்திருக்கலாம். இரண்டாவது, ஹப் கோத்து மூடியே வருகிறது. வண்டியிலேயே நல்ல பாகம் அதுதான், அதைக் கட்டிப் பார்க்கிற வாய்ப்பு கட்டுகிறவருக்கு இல்லை. ஓட்டிக்கொண்டே டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி வேண்டுமென்றால் 2021இல் வந்த மெர்சிடிஸ் செட்ரோஸ், 42129, பக்கம் போக வேண்டும். 2110 துண்டுகள், விலையும் அதற்குத் தக்கபடி.

சொந்தமாக வண்டி வடிவமைக்கிறவர்கள் முழு செட்டைத் தேடி அலைய வேண்டாம். லெகோ துண்டுகளை உதிரியாக விற்கும் பிரிக்லிங்க் இணையச் சந்தையில் ஹப் தனியாகவே கிடைக்கும், நாலு வாங்கினால் போதும். மலிவு என்று போலி ஹப் வாங்கினேன், நாலில் ஒன்று பாதிச் சுற்றில் இறுகிக்கொண்டது. யாரிடம் வாங்கினாலும் வண்டியில் மாட்டுவதற்கு முன் ஒரு ஆக்ஸிலைச் சொருகி, ஹப் மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, கையால் சுற்றுங்கள். ஆக்ஸில் 27 சுற்று முடியும்போது புள்ளி சரியாக ஐந்து சுற்று முடித்து அதே இடத்துக்கு வர வேண்டும். நடுவில் எங்கேயாவது தட்டினால் அதை மாட்டாதீர்கள், மோட்டார் சூடாகும்.