ஏழு பின் தெருவிளக்கு கன்ட்ரோலர்: எந்தக் கம்பத்துக்குத் தகும்?

தெருவிளக்கின் தலையில் குல்லா போல உட்கார்ந்து, விளக்கை ஆன்-ஆஃப் செய்து, ஒளியைக் குறைத்து, நெட்வொர்க் வழியே தகவலும் அனுப்பும் ஏழு பின் கன்ட்ரோலர் நல்ல பொருள்தான். ஆனால் சிறு நகரங்களில் எல்லாக் கம்பத்துக்கும் இதை வாங்கினால் பணம் வீண்.

கணக்கைப் பாருங்கள். பழைய 250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்த்து 280 வாட் அளவுக்கு இழுக்கும். அதை 110 வாட் எல்இடியாக மாற்றினாலே 60 சதவீதம் மிச்சம். இதில் கன்ட்ரோலருக்குப் பங்கே கிடையாது. இரவு 11 முதல் காலை 5 வரை வெளிச்சத்தைக் குறைத்து, வாட்டைப் பாதியாக்கும்போதுதான் அதன் வேலை தெரியும்: விளக்குக்கு இரவொன்றுக்கு 330 வாட்-மணி, ஆண்டுக்குச் சுமார் 120 யூனிட். பெரிய சாலைக்கு இது நல்ல வரவு. அதையே சந்திலுள்ள 20 வாட் விளக்கில் மாட்டினால் மிச்சம் 60 வாட்-மணிதான். கன்ட்ரோலர் தனக்கென 1.5 வாட் எடுத்துக்கொண்டால் ஒரு நாளில் 36 வாட்-மணி அதற்கே போய்விடும்.

சந்துகளுக்கு மின்பெட்டியில் ஒரே கன்ட்ரோலர் போதும். சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணிக்கும் கடிகாரம், மும்முனை மீட்டர், லைன் முழுவதையும் இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். இதன் குறை, எந்த விளக்கு போனது என்று சொல்லாது. 40 விளக்கில் ஒன்று அணைந்தால் மொத்த வாட்டில் மாற்றம் வெறும் 2.5 சதவீதம். வோல்டேஜ் குறையும்போது எல்இடி டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஆம்பியரைக் கூட்டி வாட்டை நிலையாக வைத்துக்கொள்ளும். அதனால் ஆம்பியரை மட்டும் பார்க்கும் மாடல் ஏமாந்துபோகும். வாட்டை ஒப்பிடும் மாடலையே கேளுங்கள்.

ஏழு பின் கன்ட்ரோலரை மாட்டுவது எளிது: மின்சாரத்தை நிறுத்தி, சாக்கெட்டின் ரப்பர் வளையம் மடங்காமல் இருக்கிறதா பார்த்து, அழுத்தி வலப்பக்கம் திருகினால் பூட்டிக்கொள்ளும். வளையம் மடங்கினால் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கும். சிக்கல் பெரும்பாலும் விளக்கின் உள்ளே, ஒளி குறைக்கும் இரண்டு மெல்லிய ஒயர்களில்தான். அந்த ஒயர்களின் வோல்டேஜைக் கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் 0–10 வோல்ட் முறையில் அவை கழன்றுவிட்டால் விளக்கு முழு வெளிச்சத்திலேயே எரியும். ஒன்றோடொன்று ஒட்டினால் மங்கிப்போகும். கழன்ற விளக்கு பார்வைக்கு நன்றாகவே எரிவதால் யாரும் புகார் செய்யமாட்டார்கள், கண்காணிப்புத் திரையிலும் "50 சதவீதம்" என்றே இருக்கும். நள்ளிரவில் பதிவான வாட் எவ்வளவு என்பதைத்தான் நம்ப வேண்டும். 110 வாட் விளக்கு 55-ஐ ஒட்டி இறங்காமல் 105-இல் நின்றால் ஆளை ஏற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது ரிலே, அதாவது கன்ட்ரோலருக்குள் விளக்கை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச். எல்இடி டிரைவர் ஆன் ஆகும் நொடியில் வழக்கமான ஆம்பியரைவிடப் பல மடங்கு இழுக்கும். மலிவான ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பகலிலும் விளக்கு எரிந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும். ஏசி அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் கணத்தில் ஆன் செய்யும் மாடலுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம். இடி விழும் பகுதியென்றால் திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தாங்கும் 10 கிலோவோல்ட் சர்ஜ் பாதுகாப்பும், கம்பத்துக்கு ஒழுங்கான எர்த்தும் சேர்ந்தே வேண்டும். எர்த் இல்லாத கம்பத்தில் அந்தப் பாதுகாப்பு பாதிகூட வேலை செய்யாது.

பெட்டியிலுள்ள பழைய கான்டாக்டர் பகலில் லைனையே துண்டித்தால் கன்ட்ரோலர்களும் செத்துக் கிடக்கும். மாலையில் எழுந்து நெட்வொர்க்கைத் தேடும். நெட்வொர்க் கிடைக்கும்வரை பின்பற்ற வேண்டிய நேர அட்டவணை கன்ட்ரோலரின் நினைவகத்திலேயே இருக்கிறதா என்று வாங்கும் முன்பே சோதியுங்கள்: சிம்மையோ, கன்ட்ரோலர்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் கேட்வேயையோ எடுத்துவிட்டு, ஒரு முழு இரவு எரியவிட்டாலே தெரிந்துவிடும்.