பிராக்கா, பிர்னோவா? டிசம்பரில் சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும் எந்த ஊர்?

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் டிரெஸ்டனில். டிசம்பரில் மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் செக் நாட்டுக்கு ரயில் ஏறிவிடுவோம். முந்தின வருஷம் பிராக்கில் மூன்று இரவு தங்கினோம். போன டிசம்பரில் பிர்னோவில் இரண்டு இரவு. இரண்டில் எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் பிர்னோ என்பேன். என் மனைவி பிராக் என்றுதான் ஆரம்பிப்பாள். பேசப் பேச அவளும் பிர்னோவுக்கு வந்து சேருவாள்.

பிராக்குக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். அழகில் போட்டியே கிடையாது. காலை ஏழு மணிக்கு, ஆள் நடமாட்டம் தொடங்கும் முன், சார்லஸ் பாலத்தில் நின்று எதிரே கோட்டையைப் பார்த்தால் போதும், டிக்கெட் காசு அங்கேயே வசூலாகிவிடும். பிர்னோவில் அப்படி ஒரு காட்சி இல்லை. பியர்தான் குறி என்றாலும் பிராக்குக்கே போங்கள். தூரமும் எங்களுக்கு அந்தப் பக்கமே சாதகம்: பிராக் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், பிர்னோவுக்கு அதற்கு மேல் இன்னொரு இரண்டரை. வியன்னாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். பிர்னோ அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான்.

சாப்பாட்டை வைத்து மட்டும் பார்த்தால் இரண்டு ஊரும் ஏறத்தாழ சமம். வேர்க்காய்களை வேகவைத்து அரைத்து, கிரீம் சேர்த்த குழம்பில் மாட்டிறைச்சி மிதக்கும் ஸ்வீச்கோவா இரண்டு இடத்திலும் உண்டு. கூடவே க்னெட்லீக்: மாவை உருட்டுக்கட்டை மாதிரி நீளமாக உருட்டி வேகவைத்து, கத்தியில் நசுங்காமலிருக்க நூலைச் சுற்றி இழுத்துத் துண்டு போடுவார்கள். தனியாகத் தின்றால் சப்பென்று இருக்கும். குழம்பை ஒற்றி எடுக்கத்தான் அது பிறந்திருக்கிறது. மனைவி மாட்டிறைச்சி தொடமாட்டாள். அவளுக்கு வாத்து வறுவலும் சிவப்பு முட்டைக்கோஸும். ட்ர்டெல்னிக் என்று தெருவெல்லாம் சுட்டு விற்கும் சர்க்கரைச் சுருளைச் செக் பாரம்பரியம் என்று நம்பி வாங்காதீர்கள், அது சுற்றுலாக்காரர்களுக்காக வந்த பண்டம்.

அப்புறம் எதில்தான் வித்தியாசம்? மாலை நாலு மணியில்.

டிசம்பரில் இரண்டு ஊரிலும் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பார்க்க வேண்டியதைப் பகலில் எப்படியும் பார்த்துவிடலாம். நாலிலிருந்து பத்து வரை, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது, இரண்டு பேர் எங்கே உட்காருவது, அங்கிருந்து அடுத்த இடத்துக்கு எவ்வளவு தூரம் நடப்பது? கோடையில் இந்தக் கேள்வியே வராது. குளிரில் பயணத்தின் பாதி இதுதான்.

பிராக்கில் முதல் மாலை பழைய நகரச் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போனோம். கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு கடையில் ஹாம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பலகையில் விலை நியாயமாகத்தான் தெரிந்தது. கையில் வாங்கிய பிறகுதான் அது 100 கிராமுக்கான விலை என்று புரிந்தது. எங்களுக்கு வெட்டித் தந்தது அதைப் போல மூன்று மடங்கு. சரி போகட்டும் என்று உணவகம் தேடினோம். முன்பதிவு செய்யாதது எங்கள் தவறுதான். மூன்று இடத்தில் கைவிரித்தார்கள். நாலாவது இடத்தில் மேசை கிடைத்தது, கேட்காமலேயே ஒரு ரொட்டிக்கூடையும் வந்தது, கடைசியில் அதுவும் பில்லில் ஏறியிருந்தது. மெனுவில் பியர் முதல் பக்கத்தில். ஒயின் கடைசிப் பக்கத்தில், வெள்ளை, சிவப்பு என்று இரண்டே வரி.

அடுத்த மாலை டிராம் பிடித்து வினோஹ்ராடி பகுதிக்குப் போனோம். அந்தப் பெயருக்கே திராட்சைத் தோட்டங்கள் என்றுதான் பொருள். 14ஆம் நூற்றாண்டில் மன்னர் நான்காம் சார்லஸ் பிராக்கைச் சுற்றித் திராட்சை நடச்சொல்லி ஆணையிட்டார், அதன் மிச்சம் க்ரேபோவ்கா பூங்காவின் சரிவில் இன்றும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்த ஒயின் பார் நன்றாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வரும்போது டிராம் நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிஷம். உள்ளே குடித்த கதகதப்பெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது.

பிர்னோவில் டிராம் சீட்டே வாங்கவில்லை. ரயில் நிலையத்திலிருந்து கோஸ் சந்தைச் சதுக்கம் ஐந்து நிமிஷ நடை. செல்னி த்ர்ஹ் என்ற பெயரை நாங்கள் இப்படித்தான் தமிழாக்கிக்கொண்டோம். அங்கிருந்து சுதந்திரச் சதுக்கம் இன்னொரு ஐந்து நிமிஷம். இரண்டிலும் கிறிஸ்துமஸ் சந்தை, நடுவில் உள்ள சந்துகளில் ஒயின் கடைகள். செக் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அதன் கிழக்குப் பகுதியான மொராவியாவில் இருக்கின்றன, அந்த மொராவியாவின் தலைநகர் மாதிரியான ஊர் இது. அதனால் ஒயின் இங்கே விசேஷப் பொருள் இல்லை, ஊர்ச் சரக்கு.

முதலில் நுழைந்த வினோதேக்காவில், அதாவது ஒயின் கடையில், சுவரோரம் குழாய் வைத்த பீப்பாய்கள் வரிசையாக நின்றன. ஒருவர் காலி பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தார். நம்மூரில் செக்குக் கடைக்கு எண்ணெய் வாங்கப் போவதுபோல அதை நிரப்பி வாங்கிக்கொண்டு, நின்றபடியே ஒரு சின்ன கிளாஸும் குடித்துவிட்டுப் போனார். நாங்களும் இரண்டு டெசிலிட்டர் என்று விரலைக் காட்டினோம். எனக்கு வெல்ட்லினர், மிளகுக் காரம் லேசாகத் தெரியும் வெள்ளை ஒயின். மனைவிக்கு ஒயினே ஆகாது, புளிக்கிறது என்பாள். கடைக்காரப் பெண்மணி அவளுக்குப் பாலாவா ஊற்றிக் கொடுத்தார். டிராமினர், முல்லர் துர்காவ் என்ற இரண்டு திராட்சை ரகங்களைக் கலப்பினம் செய்து மொராவியாவில் உருவாக்கிய ரகம் அது, 1977இல் பதிவானது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவள், “இது பன்னீர் ரோஜா” என்றாள். அதற்கப்புறம் அந்த இரண்டு நாளும் அவள் வேறெதையும் தொடவில்லை.

கொறிக்க ஹெர்மெலின் சொன்னோம். மெத்தென்ற வெள்ளைப் பாலாடைக்கட்டியை எண்ணெய், வெங்காயம், பூண்டு, மிளகாயோடு ஜாடியில் நாள்கணக்கில் ஊறவைப்பது. ஊறுகாய் என்றே சொல்லிவிடலாம். கறுப்பு ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு வெளியே வந்து மூன்று கதவு தள்ளி அடுத்த கடைக்குள் நுழைந்தோம்; அங்கே காளானும் சோயிக்கீரையும் போட்ட குலைடா சூப், மேலே ஒரு முட்டை. இப்படி நாலு இடம் மாறினோம். கோட்டுப் பொத்தானைப் போடும் முன்பே அடுத்த கதவு வந்துவிடும். அறையும் அங்கிருந்து எட்டு நிமிஷம். வாடகை பிராக்கில் கொடுத்ததில் பாதியைவிடக் கொஞ்சம் கூட.

மதியத்துக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோவ் குன்றின் மேலுள்ள தேவாலயத்தில் பன்னிரண்டு மணிக்கான மணியைப் பதினொன்றுக்கே அடித்துவிடுகிறார்கள். 1645இல் ஊரை முற்றுகையிட்ட சுவீடன் படைத் தளபதி மதியத்துக்குள் பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவதாகச் சொன்னாராம். ஊர்க்காரர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே மணியை அடித்து அவரை ஏமாற்றியதாகக் கதை. வார நாட்களில் மதிய மெனுவும் பதினொரு மணிவாக்கில்தான் தொடங்குகிறது, ஒரு மணிக்குமேல் போனால் நல்ல பதார்த்தம் தீர்ந்திருக்கும். நாங்கள் மணிச் சத்தம் கேட்டதும் கிளம்பிவிட்டோம்.

பிர்னோவில் சலித்ததும் உண்டு. மூன்றாவது பகல் என்று ஒன்று இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று தெரியாது. ஸ்பில்பெர்க் கோட்டையும் கோஸ் சந்தைக்கு அடியில் உள்ள பழைய நிலவறைகளும் முடிந்ததும் கை ஓய்ந்துவிட்டது. மொராவிய ஒயின் ஊரான மிகுலோவ் போய்த் தோட்டங்களைப் பார்க்கலாம் என்றால், குளிரில் அங்குள்ள பல ஒயின் நிலவறைகள் முன்கூட்டிச் சொன்னால்தான் திறக்கும். அது செப்டம்பர் வேலை. இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன்: பிராக்கில் சதுக்கத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்காமல் வினோஹ்ராடியிலேயே எடுத்திருந்தால் டிராமுக்கு நின்றிருக்க மாட்டோம், இந்த அலசலும் இவ்வளவு ஒருதலையாக இருந்திருக்காது. ஒரே ஒரு மாலையை வைத்துத்தான் அந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறேன்.

திரும்பும்போது பையில் ஆறு பாட்டில். ரயிலில் யாரும் அளவு கேட்பதில்லை. பிராக்கில் வண்டி மாற நாற்பது நிமிஷம் இருந்தது, நான் ஸ்டேஷனில் நின்றபடி ஒரு பியர் குடித்தேன். மனைவி பையைக் காலுக்கிடையில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலு பாலாவா அதில்.